சாடிக்குள் ஒரு மரம்: கடதாசிப் பூவைப் போன்சாயாக வளர்ப்போம்

மரம் என்றால் அண்ணாந்து பார்க்க வேண்டிய ஒன்று என்றே நாம் பழகியிருக்கிறோம். அதே மரத்தைக் குனிந்து பார்க்கும்படி ஒரு சாடிக்குள் வளர்த்தெடுக்கும் கலைதான் போன்சாய். யப்பானிய மொழியில் 'பொன்' என்றால் ஆழம் குறைந்த தட்டு அல்லது சாடி. 'சாய்' என்றால் நடப்பட்ட செடி. இரண்டும் சேர்ந்து, தட்டில் நட்ட செடி என்று பொருள் தருகின்றன.

இது பணக்காரரின் பொழுதுபோக்கு என்றும், குளிர் நாட்டு மரங்களுக்கு மட்டுமே உரியது என்றும் பலர் நினைக்கிறார்கள். இரண்டும் சரியல்ல. நம் வீட்டு வேலிகளில் யாரும் கவனிக்காமலே பூத்துக் கிடக்கும் கடதாசிப் பூ, அதாவது போகன்வில்லா, வெப்ப நாடுகளில் போன்சாய்க்கு மிகவும் ஏற்ற செடிகளில் ஒன்று. மழை சில மாதங்களும் வெயில் பல மாதங்களுமாக உள்ள வன்னி மண்ணில் அது தானாகவே தழைக்கிறது. அதைப் போன்சாயாக்கப் பெரிய செலவு இல்லை. ஒரு பழைய அடிக்கட்டையும் சில வருடப் பொறுமையும் போதும். ஆனால், நான் வசிக்கும் வட்டக்கச்சியில் மதில் கட்டும்போதும் வீதி அகலிக்கும்போதும் அந்த அடிக்கட்டைகள்தான் முதலில் தோண்டி எரிக்கப்படுகின்றன. அவற்றை எரிக்காமல் என்ன செய்யலாம் என்பதைச் சொல்லவே இக்கட்டுரையை எழுதுகிறேன்.

பட்டினி போட்ட மரமா?

முதலில் இரண்டு தவறான எண்ணங்களை நீக்கிக்கொள்வோம்.

ஒன்று, போன்சாய் என்பது குள்ளமான ஒரு சாதி மரம் என்பது. அப்படி ஒரு சாதி இல்லை. யாராவது 'போன்சாய் விதை' என்று விற்றால் அது சாதாரண மரத்தின் விதைதான். இருபது வருடம் சாடியில் நின்ற மரத்தின் ஒரு தடியை வெட்டி நிலத்தில் நட்டுப் பாருங்கள். அது தன் இனத்துக்குரிய முழு உயரத்துக்கும் வளரும். அதன் பரம்பரையலகுகளில் எந்த மாற்றமும் நிகழ்வதில்லை.

மற்றது, செடியைப் பட்டினி போட்டுக் குறுக்குகிறார்கள், இது பாவம் என்பது. என் தோழிகள் பலர் என்னிடம் இதையே சொல்லியிருக்கிறார்கள். உண்மை இதற்கு நேர்மாறானது. நிலத்தில் நிற்கும் மரம் தண்ணீரைத் தேடித் தன் வேரைத் தானே நீட்டிக்கொள்ளும். சாடியில் நிற்கும் மரத்துக்கு நாம்தான் எல்லாம். இருக்கும் மண் கொஞ்சம் என்பதால், நிலத்து மரத்தை விட அடிக்கடி தண்ணீரும் அளவாக எருவும் அதற்குக் கொடுக்க வேண்டும். பட்டினி கிடக்கும் செடி போன்சாய் ஆகாது, செத்துப் போகும்.

அப்படியானால் மரம் எப்படிச் சிறிதாகவே நிற்கிறது? வெட்டுவதால். உயிரியல் படிக்கும் மாணவிகளுக்கு 'உச்சியாட்சி' நினைவிருக்கும். அங்குர நுனியில் உண்டாகும் ஒட்சின் கீழ்நோக்கிச் சென்று பக்க அரும்புகளை உறங்க வைக்கிறது. நுனியை வெட்டியதும் அந்தத் தடை நீங்கிப் பக்க அரும்புகள் விழிக்கின்றன. ஒரு கிளை இரண்டாகிறது. மீண்டும் வெட்டினால் இரண்டு நான்காகிறது. மரம் உயரமாகப் போவதற்குப் பதிலாக அடர்த்தியாகிறது. பெருநாளுக்கு முன் நாம் பறித்து மொட்டையாக்கிய மருதோன்றிச் செடி, அடுத்த மாதமே முன்னை விடச் செழித்துத் துளிர்ப்பதும் இதனால்தான்.

இதற்கு நம் நாட்டிலேயே பெரிய சான்று ஒன்று இருக்கிறது. தேயிலையை வெட்டாமல் விட்டால் அது மரமாகவே வளரும். கொழுந்து பறிக்க வசதியாக அதை இடுப்பளவில் வெட்டி நிறுத்துகிறார்கள். மலையகத் தோட்டங்களில் நூறு வருடம் கடந்த தேயிலைச் செடிகள் இன்றும் கொழுந்து தருகின்றன. வெட்டு அவற்றைக் கொல்லவில்லை. கவனிப்போடு வெட்டியதால் அவை நீண்ட காலம் வாழ்கின்றன.

தட்டில் வளர்ந்த வரலாறு

இந்தக் கலையின் பிறப்பிடம் சீனா. தாங் வம்ச இளவரசர் ஒருவரின் கல்லறையில் 706ஆம் ஆண்டளவில் தீட்டப்பட்ட சுவரோவியத்தில், சிறு கற்களும் செடிகளும் வைத்த தட்டை ஏந்திப் பணியாளர்கள் நிற்கிறார்கள். பின்னர் யப்பானியர் இதைக் கற்றுத் தமக்கே உரிய கலையாக வளர்த்தனர். 1923இல் தோக்கியோவைப் பெரும் பூமியதிர்ச்சி தாக்கியபோது, அங்கே இருந்த போன்சாய்க்காரர் பலர் நகரை விட்டு வெளியேறி, 1925இல் ஓமியா என்னும் இடத்தில் போன்சாய்க் கிராமம் ஒன்றையே அமைத்தார்கள். அது இன்றும் இருக்கிறது.

போன்சாய் என்றதும் பைன் மரமே பலருக்கு நினைவு வரும். ஆனால் பூக்கும் புதர்ச் செடிகளைப் போன்சாயாக்குவதும் யப்பானில் பழைய வழக்கமே. 'சட்சுகி' என்னும் அசேலியாவை இதற்கென்றே வளர்க்கிறார்கள். சட்சுகி என்பது யப்பானியரின் பழைய நாட்காட்டியில் ஐந்தாம் மாதத்தின் பெயர். அந்தக் காலத்தில் பூப்பதால் செடிக்கும் அப்பெயர் வந்தது. நம் ஹோட்டன் சமவெளியில் சிவப்பாக மலரும் மகாரத்மல் இந்த அசேலியாவின் உறவு. இரண்டும் குளிரை விரும்புபவை. வன்னி வெயிலைத் தாங்காதவை. அசேலியாவுக்கு யப்பானில் இருக்கும் இடத்தை, நம் பக்கத்தில் கடதாசிப் பூவுக்குக் கொடுக்கலாம்.

கடதாசிப் பூ வந்த வழி

இந்தச் செடியின் தாயகம் தென் அமெரிக்கா. 1766இல் லூயி அந்துவான் து போகன்வில் என்ற பிரெஞ்சுத் தளபதி கப்பலில் உலகைச் சுற்றப் புறப்பட்டார். அவருடன் சென்ற தாவரவியலாளர் பிலிபேர் கொமர்சோன். 1767இல் பிரேசிலின் ரியோ டி ஜெனீரோவில் இந்தச் செடி சேகரிக்கப்பட்டது. தளபதியின் பெயரே செடிக்கு வைக்கப்பட்டது.

இந்தக் கதையில் இன்னொருவரும் இருக்கிறார். கொமர்சோனின் உதவியாளராக ஆண் உடையில் கப்பலேறியவர் ஜீன் பாரே என்ற பெண். பிரெஞ்சுக் கடற்படைக் கப்பல்களில் அப்போது பெண்களுக்கு அனுமதி இல்லை. கொமர்சோன் காலில் நோயுடன் இருந்ததால், காடு மேடு ஏறிச் செடி சேகரித்தவர் பாரேயே என்றும், கடதாசிப் பூவை முதலில் எடுத்து வந்தவரும் அவராகவே இருக்கலாம் என்றும் வரலாற்றாய்வாளர் சிலர் கருதுகிறார்கள். உலகைச் சுற்றிவந்த முதல் பெண் என அறியப்படுபவர் அவர். ஆயினும், ஒரு தாவரத்துக்கு நிலையாக அவர் பெயர் கிடைத்தது 2012இல்தான். கத்தரியும் தக்காளியும் அடங்கும் சொலானம் பேரினத்தைச் சேர்ந்த தென் அமெரிக்கச் செடி ஒன்றுக்கு அவர் பெயரைச் சூட்டினார்கள். வேலியில் நிற்கும் கடதாசிப் பூவைப் பார்க்கும்போது இந்தப் பெயரையும் நாம் நினைத்துக்கொள்ளலாம்.

பூ அல்லாத பூ

நாம் பூ என்று சொல்லும் அந்தச் சிவப்பும் ஊதாவும் உண்மையில் பூவிதழ்கள் அல்ல. ஒன்றைப் பறித்துப் பாருங்கள். கடதாசி போன்ற மூன்று நிற இலைகள் இருக்கும். ஒவ்வொன்றின் நடுவிலும் வெண்மையான சிறிய குழாய் ஒன்று ஒட்டியிருக்கும். அந்தக் குழாய்தான் பூ. நிற இலைகள் பூவின் அடியில் நின்று பூச்சிகளை அழைக்கும் பூவடியிலைகள். நாலுமணிப் பூ என்று நாம் சொல்லும் அந்திமந்தாரையும் இதே குடும்பத்துச் செடிதான்.

இன்னொன்றையும் கவனித்திருப்பீர்கள். இந்தச் செடியில் முள்ளும் பூவும் இலைக் கக்கத்தில் ஒரே இடத்திலிருந்துதான் தோன்றுகின்றன. முள் என்பது பூக்காம்பாக வேண்டிய உறுப்பு மாறி அமைந்ததே. தண்ணீரும் நைதரசன் எருவும் தாராளமாகக் கிடைத்தால் செடி நீண்ட தடிகளையும் இலைகளையும் முட்களையும் தள்ளும். மண் காய்ந்து, வெயில் கூடி, இரவு சற்று நீளும்போது அதே இடத்தில் பூ வரும். கிளிநொச்சிப் பக்கத்தில் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் இடையே ஏறத்தாழ ஒரு மணித்தியாலமே வித்தியாசம். ஆகவே நம் ஊரில் பூவைத் தீர்மானிப்பது பெரும்பாலும் வெயிலும் மண்ணின் ஈரமும்தான். இந்த ஒன்றைப் புரிந்துகொண்டால் கடதாசிப் பூவைப் பூக்க வைப்பதில் பாதி வேலை முடிந்தது.

எந்தக் கட்டை நல்லது?

தடி நட்டு வளர்த்தால் கைமொத்தத் தண்டு கிடைக்கப் பல வருடம் செல்லும். பழைய அடிக்கட்டை கிடைத்தால் அந்த வருடங்கள் மிச்சம். இயற்கையில் வளர்ந்த மரத்தைத் தோண்டியெடுத்துப் போன்சாயாக்குவதை யப்பானியர் 'யமதோரி' என்பார்கள். நாம் காட்டுக்குப் போகத் தேவையில்லை; போகவும் கூடாது. ஒதுக்கக் காடுகளிலிருந்து செடி எடுப்பது சட்டப்படி குற்றம். அத்துடன், வன்னியில் ஆள் பழக்கமில்லாத காணிகளில் தோண்டுவது ஆபத்து. கண்ணிவெடி அகற்றும் வேலை எல்லா இடமும் முடிந்துவிடவில்லை. வேலி புதுப்பிக்கும் வீடுகளிலேயே வேண்டிய கட்டைகள் கிடைக்கும். கேட்டால் மகிழ்ச்சியோடு தருவார்கள்.

எங்கள் வீட்டில் இப்போது இருக்கும் மரமும் அப்படி வந்ததுதான். இரண்டு வருடங்களுக்கு முன் அயல்வீட்டில் முன்மதில் கட்டியபோது, வேலி மூலையில் நின்ற கடதாசிப் பூவை மேசன்மார் அலவாங்கால் கிளப்பிப் போட்டார்கள். அடித்தண்டு 8 சென்ரிமீற்றர் மொத்தம். அந்த வீட்டு ஆச்சி அதைத் தான் கலியாணம் முடித்து வந்த வருடம் நட்டதாகச் சொன்னார். 2009இல் ஊரே இடம்பெயர்ந்து போய், பிறகு திரும்பி வந்தபோது வீட்டுக்குக் கூரை இல்லையாம். கதவு யன்னல் இல்லையாம். இந்தச் செடி மட்டும் வளவெல்லாம் படர்ந்து பூத்து நின்றதாம். "தண்ணி ஊத்த ஒருத்தரும் இல்லாமல் நிண்டது பிள்ளை, இதை எரிக்க மனம் வரேல்லை" என்றார். 1990இல் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டுப் புத்தளத்தில் வளர்ந்தவர் என் வாப்பா. அவர் ஒன்றும் பேசாமல் கட்டையைத் தூக்கி எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்தார்.

கட்டை தேரும்போது பார்க்க வேண்டியவை மூன்று. அடி பருத்து மேலே போகப் போக மெலிய வேண்டும். தண்டில் ஒரு வளைவாவது இருந்தால் நல்லது. மண் மட்டத்தில் வேர்கள் நாலு பக்கமும் பரவியிருந்தால் மிக நல்லது. அவையே மரத்துக்கு வயதைக் காட்டும்.

நடும் முறை

தை கடைசியும் மாசியும் ஏற்ற காலம். மாரி மழை ஓய்ந்திருக்கும். கடும் வெயில் தொடங்கியிராது.

முதலில் முட்களுக்குத் தடித்த கையுறை போட்டுக்கொள்ளுங்கள். கிளைகளை எல்லாம் வெட்டி, தண்டை 20 முதல் 25 சென்ரிமீற்றர் உயரத்தில் வாளால் நேர்த்தியாக அறுங்கள். ஓர் அடி தூரத்தில் சுற்றித் தோண்டி, தடித்த வேர்களை அறுத்து, மெல்லிய வேர்களை முடிந்தவரை காப்பாற்றுங்கள். இந்தச் செடியின் நுண்வேர்கள் மிகவும் மெல்லியவை, இழுத்தால் அறுந்துவிடும். ஆனால் வேர் குறைவாக இருக்கிறதே என்று கவலைப்பட வேண்டாம். கடதாசிப் பூவின் மொத்தத் தண்டு, நட்ட தடி போலவே புதிதாக வேர்விடக் கூடியது.

வெட்டுவாய்கள் வழியாக அழுகல் நுழையும். கடதாசிப் பூவின் மரம் மென்மையானது. பட்டுப்போன பகுதி விரைவில் உக்கிவிடும். ஆகவே வெட்டிய இடங்களுக்கு மூடுபசை பூச வேண்டும். அதற்கென்று விற்கும் பசை கிடைக்காவிட்டால் தச்சுவேலைக்குப் பயன்படும் வெள்ளைப் பசை போதும்.

மண் கலவைதான் உயிர். வயல் மண்ணோ தோட்ட மண்ணோ சாடிக்குள் இறுகிக் களியாகி வேரை மூச்சுத் திணற வைக்கும். பருமணல் இரண்டு பங்கு, அரித்து எடுத்த சிறு செங்கல் துண்டு ஒரு பங்கு, கழுவிய தும்புத்தூள் ஒரு பங்கு எனக் கலந்துகொள்ளலாம். தண்ணீர் ஊற்றினால் சில விநாடிகளில் அடியால் வடிய வேண்டும். அதுவே சரியான கலவைக்கு அடையாளம். இந்தக் கட்டத்தில் எரு வேண்டாம்.

முதல் வருடத்துக்கு அழகான சாடி தேவையில்லை. பழைய பிளாஸ்ரிக் பேசினில் துளையிட்டு நடலாம். கட்டை ஆடாதபடி கயிற்றால் பேசினோடு கட்டிவிடுங்கள். ஆடினால் புதிய வேர் அறும். மேலே ஒளிபுகும் பொலித்தீன் பையைத் தளர்வாகக் கவிழ்த்து, மர நிழலில் வையுங்கள். மூன்று முதல் ஐந்து கிழமைக்குள் தண்டிலிருந்து செந்நிறத் துளிர்கள் வரும். துளிர் வந்ததும் வேர் வந்துவிட்டது என்று எண்ணி இழுத்துப் பார்க்கக் கூடாது. தண்டில் சேமித்திருந்த உணவாலும் துளிர் வரும். துளிர்கள் நீண்டு முற்றும் வரை, ஏறத்தாழ மூன்று மாதம், அசைக்காமல் விடுங்கள். பிறகு பையை எடுத்து, நாளுக்கு நாள் கொஞ்சமாக வெயிலுக்குப் பழக்குங்கள்.

உருவம் கொடுத்தல்

போன்சாய் ஒரு பெரிய மரத்தின் தோற்றத்தைத் தர வேண்டும். அதற்கு ஒரு எளிய கணக்கு இருக்கிறது. மரத்தின் உயரம் அடித்தண்டின் மொத்தத்தைப் போல் ஏறத்தாழ ஆறு மடங்கு இருந்தால் கண்ணுக்கு இயல்பாகத் தெரியும். எங்கள் கட்டை 8 சென்ரிமீற்றர் என்பதால் மரம் 48 சென்ரிமீற்றர் அளவில் நிற்க வேண்டும். முதல் கிளை உயரத்தின் மூன்றிலொரு பங்கில் தொடங்குவது அழகு. கீழ்க்கிளை தடிப்பாகவும் மேலே போகப் போகக் கிளைகள் மெல்லியதாகவும் இருக்க வேண்டும்.

துளிர்த்த தடிகளில் நுனிக்கு ஒன்றும் பக்கங்களுக்கு மூன்று அல்லது நான்கும் வைத்துக்கொண்டு மற்றவற்றை நீக்குங்கள். நுனித் தடியை நன்றாக நீள விட்டு, அது பருத்ததும் குட்டையாக வெட்டுங்கள். அதிலிருந்து வரும் புதுத் தடியை மீண்டும் நீள விட்டு மீண்டும் வெட்டுங்கள். இப்படிச் செய்தால்தான் மேலே போகப் போக மெலியும் தண்டு உருவாகும்.

கிளைகளை வளைக்க அலுமினியக் கம்பி போதும். கம்பியின் தடிப்பு கிளையின் மூன்றிலொன்று இருக்கட்டும். 45 பாகைச் சாய்வில், இறுக்காமலும் தளர்த்தாமலும் சுற்றி, பிறகு கிளையை மெதுவாக வளைக்கலாம். கடதாசிப் பூவில் இதற்கு ஒரு பருவம் உண்டு. பச்சைத் துளிர் நசுங்கும். முற்றிய கிளை படக்கென்று முறியும். பச்சை மாறிக் கபில நிறம் பிடிக்கத் தொடங்கும் தடியே வளைக்கத் தக்கது. இந்தச் செடி வேகமாகப் பருக்கும் என்பதால் கிழமைக்கு ஒரு தடவை கம்பியைப் பாருங்கள். பட்டையில் பதியத் தொடங்கினால் துண்டு துண்டாக வெட்டி எடுங்கள். சுழற்றி எடுத்தால் கிளை முறியும்.

இரண்டாம் அல்லது மூன்றாம் வருடத்தில் ஆழம் குறைந்த சாடிக்கு மாற்றலாம். சாடியின் ஆழம் அடித்தண்டின் மொத்தத்துக்குச் சமமாகவும், நீளம் மர உயரத்தில் மூன்றில் இரண்டு பங்காகவும் இருப்பது வழக்கம். கடையில் வாங்க வசதியில்லாதவர்கள் வாயகன்ற மண்சட்டியில் கவனமாகத் துளையிட்டுப் பயன்படுத்தலாம். மாற்றும்போது வேரை முழுதும் உதறிக் கழுவ வேண்டாம். வெளிவட்டத்தை மட்டும் வெட்டி, புதுக் கலவை நிரப்புங்கள். பிறகு இரண்டு மூன்று வருடத்துக்கு ஒரு முறை இப்படிச் செய்தால் போதும்.

தாகத்தால் வரும் பூ

மரம் வேரூன்றிக் கிளை பரப்பிய பிறகே பூவைப் பற்றி யோசிக்க வேண்டும். நாளுக்கு ஐந்தாறு மணித்தியாலமாவது நேர் வெயில் கிடைக்கும் இடத்தில் வையுங்கள். வீட்டுக்குள் வைத்தால் இலை இருக்கும், பூ இராது. விருந்தாளி வரும் நாளில் ஒரு நாள் உள்ளே கொண்டுவந்து காட்டிவிட்டுத் திரும்ப வெளியே வைத்துவிடலாம்.

பூக்க வைக்க விரும்பும்போது நீண்ட தடிகளை இரண்டு மூன்று இலை விட்டு வெட்டுங்கள். புதுத் துளிரின் நுனிப் பக்கத்திலேயே பூ வரும். துளிர்கள் நீண்டதும் தண்ணீரைக் குறையுங்கள். இலைகள் சற்றுத் தொங்கும் வரை பொறுத்து, பிறகு கொஞ்சம் ஊற்றுங்கள். அடுத்ததாக மீண்டும் தொங்கும் வரை பொறுங்கள். இப்படி இரண்டு மூன்று கிழமை செய்ய, துளிர் நுனிகளில் சிறு நிற முடிச்சுகள் தெரியும். அவற்றைக் கண்டதும் வழக்கம்போல் தண்ணீர் கொடுக்கத் தொடங்குங்கள். முடிச்சு வந்த பிறகும் காயவிட்டால் அவை உதிர்ந்துவிடும்.

இங்கே ஓர் எல்லையைக் கவனிக்க வேண்டும். இலை தொங்குவது செடி கேட்பது. இலை கருகுவது செடி சாவது. சோளகக் காற்று வீசும் மாதங்களில் ஆழம் குறைந்த சாடி ஒரே நாளில் காய்ந்துவிடும். அந்த நாட்களில் காலையும் மாலையும் பார்க்க வேண்டும்.

யூரியா போன்ற நைதரசன் மிகுந்த பசளை இலையைத்தான் வளர்க்கும். உக்கிய மாட்டெருவும் கொஞ்சம் மரச்சாம்பலும் போதும். சாம்பலில் பொற்றாசியம் உண்டு. பூ உதிர்ந்ததும் தடிகளை மீண்டும் குட்டையாக வெட்டிவிடுங்கள். இலை சிறுத்தாலும் பூ அதிகம் சிறுக்காது என்பதையும் நினைவில் வையுங்கள். கையளவு மரத்தில் பெரிய பூ பொருந்தாது. ஆகவே சின்ன இலை, சின்னப் பூ உள்ள வகையைத் தெரிவது நல்லது.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். சாடியின் கீழே தட்டு வைத்துத் தண்ணீர் தேங்க விடாதீர்கள். அது வேரையும் அழுகச் செய்யும். டெங்கு நுளம்புக்கும் இடம் கொடுக்கும். வெட்டிய முட்தடிகளைச் சிறு பிள்ளைகள் மிதிக்காதபடி உடனே அகற்றிவிடுங்கள்.

கடதாசிப் பூ கிடைக்காதவர்களுக்கு வேறு செடிகளும் உண்டு. மாதுளை வெயிலைத் தாங்கும். சிவந்த பூவும் சின்னக் காயும் சாடியிலேயே தரும். வெட்சி மெதுவாக வளரும், உருவம் குலையாது. பாலைவன ரோஜா எனப்படும் அடீனியம் அடிபருத்துத் தானாகவே மரம் போல் நிற்கும். ஆனால் அதன் பால் நஞ்சு என்பதால் வெட்டிய பின் கையைக் கழுவ வேண்டும். செவ்வரத்தையும் வளரும், ஆயினும் பூ பெரிது என்பதால் மரம் சற்றுப் பெரிதாக இருக்க வேண்டும்.

நானூறு வருடத்து மரம்

அமெரிக்காவின் வாஷிங்டன் நகரில் தேசிய போன்சாய் அருங்காட்சியகம் ஒன்று இருக்கிறது. 1976இல் யப்பான் அன்பளிப்பாகக் கொடுத்த 53 மரங்களோடு அது தொடங்கியது. அவற்றில் ஒரு வெள்ளைப் பைன் மரம் 1625 முதல் சாடியில் வளர்க்கப்பட்டு வருவது. அதைக் கொடுத்தவர் மசாரு யமாக்கி என்ற போன்சாய்க் கலைஞர். 2001இல் அவரது பேரன்மார் அந்த மரத்தைப் பார்க்க வந்தபோதுதான் அங்கிருந்தவர்களுக்கு ஒரு செய்தி தெரியவந்தது. 1945 ஓகஸ்ட் 6ஆம் திகதி ஹிரோசிமாவில் அணுகுண்டு விழுந்தபோது, அந்த இடத்திலிருந்து ஏறத்தாழ மூன்று கிலோமீற்றர் தூரத்தில் யமாக்கி வீட்டு மதிலின் மறைவில் இந்த மரம் நின்றது. மரமும் தப்பியது, குடும்பமும் தப்பியது. குண்டு போட்ட நாட்டுக்கே அந்த மரத்தை அவர் அன்பளிப்பாகக் கொடுத்திருக்கிறார். அதன் கதையைச் சொல்லாமலே கொடுத்திருக்கிறார்.

அந்த மரம் நானூறு வருடம் வாழ்ந்தது தானாக அல்ல. ஒருவர் கையிலிருந்து அடுத்தவர் கைக்கு மாறி, ஒவ்வொரு நாளும் யாரோ ஒருவர் தண்ணீர் ஊற்றியதால் வாழ்ந்தது. போன்சாய் என்பது இந்தத் தொடர்ச்சிதான். கம்பியும் கத்தரியும் அதற்கு அடுத்தவையே.

நம் வன்னி வளவுகளிலும் அப்படி நின்று தப்பிய செடிகள் பல உள்ளன. கூரை இல்லாத வீட்டுக்குக் காவலாக நின்றவை அவை. மதில் கட்டுவதையும் வீதி அகலிப்பதையும் நான் குறை சொல்லவில்லை. ஊர் வளரத்தான் வேண்டும். ஆனால் அடுத்த முறை உங்கள் வீட்டில் யாராவது ஒரு பழைய கடதாசிப் பூவை வேரோடு கிளப்பினால், நெருப்பு மூட்டுவதற்கு முன் அதன் அடியைப் பாருங்கள். கைமொத்தம் இருந்தால் ஒரு வாளும், துளையிட்ட பேசினும், இரண்டு சட்டி மணலும் எடுத்துக்கொள்ளுங்கள். நட்டு நிழலில் வைத்துவிட்டு, ஐந்து கிழமை பொறுத்திருங்கள்.

எங்கள் மரம் இந்த வருடம் முதன்முறையாகப் பூத்தது. இன்னும் 48 சென்ரிமீற்றர் எட்டவில்லை. ஒரு பக்கத்தில் கிளையும் குறைவு. பூத்த அன்று ஆச்சி வந்து பார்த்துவிட்டு, "அதே நிறம்தான் பிள்ளை" என்றார்.